மூட்டு வலிக்கு எடுத்த ஸ்கேனில் எலும்புக் கட்டி: பயாப்சி தேவையா?

கேள்வி: எனக்கு வயது 47. படி இறங்கும்போது வலது முழங்கால் வலிக்கிறது. உட்கார்ந்து எழுந்தால் உள்பக்கம் சுருக்கென்று குத்துகிறது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் ஜவ்வில் கிழிவு என்றும், தொடை எலும்பின் கீழ்முனையில் 2.2 செ.மீ. அளவில் ‘என்காண்ட்ரோமா’ இருக்கலாம் என்றும் எழுதியிருக்கிறார்கள். பயாப்சி எடுத்துவிடலாம் என்கிறார்கள் வீட்டில். இது புற்றுநோயாக மாறுமா? என் மகளுக்கும் வருமா?

பதில்: நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், இப்போதைக்குப் பயாப்சி வேண்டாம்.

என்காண்ட்ரோமா என்பது எலும்பின் உள்ளே, மஜ்ஜைப் பகுதியில் உருவாகும் தீங்கற்ற குருத்தெலும்புக் கட்டி. வேறு ஏதோ காரணத்துக்காக முழங்காலை எம்.ஆர்.ஐ. எடுப்பவர்களில் நூற்றுக்கு இரண்டு, மூன்று பேரிடம் இது கண்ணில் படுகிறது. ஸ்கேன் எடுக்காமல் இருந்திருந்தால் பெரும்பாலானோர் கடைசிவரை இதை அறியாமலே இருந்திருப்பார்கள்.

முதலில் தீர்க்க வேண்டியது, வலி எங்கிருந்து வருகிறது என்பதுதான். படி இறங்கும்போதும் எழும்போதும் குத்துவது ஜவ்வுக் கிழிவின், மூட்டுத் தேய்மானத்தின் குணம். கட்டியால் வரும் வலி அப்படி இருக்காது. சும்மா படுத்திருந்தாலும் வலிக்கும், இரவில் தூக்கத்தைக் கெடுக்கும், மாதக்கணக்கில் கூடிக்கொண்டே போகும். எது என்று தெளிவாகவில்லை என்றால் உங்கள் எலும்பு மருத்துவர் மூட்டுக்குள் மரப்பு ஊசி போட்டுப் பார்க்கலாம். சற்று நேரத்தில் வலி அடங்கினால், அது மூட்டு வலி.

அடுத்து, ஒரு சாதாரண எக்ஸ்-ரே எடுங்கள். ஆயிரக்கணக்கில் செலவழித்து எம்.ஆர்.ஐ. எடுத்தவர்கள்கூட இதை விட்டுவிடுகிறார்கள். குருத்தெலும்புக் கட்டிக்குள் படியும் சுண்ணாம்பு எம்.ஆர்.ஐ.யில் சரியாகத் தெரியாது. எக்ஸ்-ரேயில் சிறு வளையங்களும் வில்களுமாக, சோளப்பொரி தூவியதுபோல் தெரியும். இரத்த ஓட்டம் நின்றுபோன எலும்புப் பகுதியும் சில சமயம் இதேபோல் தோன்றும் என்பதால் இரண்டு படங்களையும் ஒருவரே சேர்த்துப் பார்ப்பது நல்லது.

அளவைவிட, கட்டி எலும்பின் புறச்சுவரை என்ன செய்திருக்கிறது என்பதையே நான் முதலில் பார்ப்பேன். சுவரின் உட்பக்கத்தை லேசாகச் சுரண்டியிருந்தால் பெரிய விஷயமில்லை. அதன் கனத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அரித்திருந்தாலோ, சுவரை உடைத்துக்கொண்டு சதைக்குள் வந்திருந்தாலோ நிலைமை வேறு. 5 செ.மீ.க்கு மேல் நீளமான கட்டியையும், இந்த வயதில் வளர்ந்துகொண்டே போகும் கட்டியையும் காண்ட்ரோசார்கோமா என்ற குருத்தெலும்புப் புற்றாக இருக்குமோ என்று சந்தேகித்தே அணுக வேண்டும். அப்போது எலும்புக் கட்டிகளுக்கென்றே உள்ள சிறப்பு மையத்துக்குப் போங்கள். பயாப்சி தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை செய்யப்போகும் குழுவே அதை எடுக்க வேண்டும். ஊசி போகும் பாதைகூட அவர்கள் திட்டத்தில் சேர்த்தி.

“எதற்கும் எடுத்துப் பார்த்துவிடலாமே” என்பதில் உள்ள சிக்கல் இதுதான். என்காண்ட்ரோமாவையும் வீரியம் குறைந்த காண்ட்ரோசார்கோமாவையும் சிறு துணுக்கை மட்டும் நுண்ணோக்கியில் வைத்துப் பிரித்தறிவது கடினம். அனுபவமுள்ள நோயியல் நிபுணர்களே இதில் ஒத்துப்போவதில்லை. வலியில்லாத சிறு கட்டியைக் குத்தினால் தெளிவு வருவதற்குப் பதில் குழப்பம் கூடலாம். சிறிதளவு கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி எடுக்கும் எலும்பு ஸ்கேனும் அப்படியே: தீங்கற்ற கட்டியும் அதில் ஒளிரக்கூடும். அந்த ஒளியைக் கண்டு பயந்து வருபவர்கள் நிறைய.

ஒற்றைக் கட்டி புற்றாக மாறுவது அரிது. ஒல்லியர் நோய், மஃபூச்சி நோய்க்குறி போன்றவற்றில் பல எலும்புகளில் கட்டிகள் இருக்கும். இந்த நோய்கள் உள்ளவர்களுக்குத்தான் அபாயம் கணிசமாக அதிகம். உங்களுக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் மீண்டும் ஒரு படம் எடுத்து ஒப்பிட்டால் போதும். மாற்றமில்லை என்றால் இடைவெளியை நீட்டலாம். ரிப்போர்ட்டோடு நிறுத்தாமல் ஸ்கேன் சி.டி.யையும் பத்திரமாக வைத்திருங்கள். பழைய படம் இல்லாமல் ஒப்பிட முடியாது. ஜவ்வுக்கான சிகிச்சையை இதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். சுவர் பாதிக்கப்படாதவரை நடக்கலாம், படி ஏறலாம், பிசியோதெரபி செய்யலாம்.

மகளைப் பற்றிய கவலை வேண்டாம். ஒற்றை என்காண்ட்ரோமா பரம்பரையாக வருவதில்லை. குடும்பத்தில் தொடர்வது வேறொன்று: எலும்பின் வெளிப்பக்கம் பல இடங்களில் புடைப்புகள் முளைக்கும் நோய். அதைக் குழந்தைப் பருவத்திலேயே கையால் தடவி உணரலாம்.