நல்ல பௌரான் வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

அயர்லாந்தின் மரபான ஒருமுகப் பறையாகிய பௌரானை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். மரவளையத்தின் உட்புறத்தில் சுருதி கூட்டும் திருகுகள் இருக்கின்றனவா என்பதையே முதலில் பாருங்கள். ஈரப்பதம் ஏறினால் ஆட்டுத்தோல் தொய்ந்துவிடும் என்பதால், தோலை ஆணியடித்து நிலையாகப் பொருத்திய கருவி மழைநாளில் ஏறத்தாழ ஊமையாகிவிடும். தோலில் செல்டிக் முடிச்சு எனப்படும் பின்னல் கோலம் அச்சிட்ட மலிவுப் பறைகள் பெரும்பாலும் சுற்றுலா நினைவுப் பொருட்களே. சுவரில் மாட்ட அவை போதும்.

ஒரு கை குச்சியால் அடிக்க, மறு கை உள்ளிருந்து தோலை அழுத்தி நகர்த்தும்போதுதான் நாதம் ஏறி இறங்குகிறது. ஆகவே வளையத்தின் உள்ளே குறுக்காகப் பொருத்திய சட்டம் கையைத் தடுக்கக் கூடாது. இன்றைய வாசிப்பாளர் பலர் பழைய 18 அங்குல விட்டத்தைவிட, 14 முதல் 16 அங்குல விட்டமும் ஆழமான வளையமும் கொண்டவற்றையே விரும்புகிறார்கள். விளிம்போரம் கறுப்பு நாடா ஒட்டியிருந்தால் குறையென எண்ண வேண்டாம். தேவையற்ற ரீங்காரத்தை அடக்கவே அது.