லேசர் திட்டத்தை எடுக்கலாமா? பட்டர்வொர்த்திலிருந்து எழுதிய ஓர் அம்மாவுக்குப் பதில்

அன்புள்ள அம்மா, வணக்கம்.

மின்னணுப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள், லேசரின் அதிர்வெண்ணை நிலைநிறுத்தும் இலக்கமுறைக் கட்டுப்பாட்டுக் கருவியை இறுதியாண்டுத் திட்டமாக எடுக்க விரும்புவதாகவும், பினாங்கில் இதற்கு யார் வேலை தருவார்கள் என்ற கவலையில் உங்களுக்குத் தூக்கமே இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். எடுக்கட்டும் என்பதே என் கருத்து. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு.

லேசர் ஒளி விநாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதே அதன் அதிர்வெண்; அதை ஓர் அணு ஏற்கும் அளவிலேயே பிடித்துவைப்பதுதான் இந்தக் கருவியின் வேலை. ரூபிடியம் என்னும் உலோகத்தின் அணுவுக்கு ஏற்ற 780 நானோமீட்டர் அலைநீள ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 384 லட்சம் கோடி முறை அதிர்கிறது. அந்த அணு ஏற்கும் அதிர்வெண் இடுக்கின் அகலமோ வெறும் 60 லட்சம் அதிர்வுகள்தாம். குளிர்சாதனம் நின்று அறை சற்றே சூடானாலும், யாராவது கதவை அறைந்து சாத்தினாலும், லேசர் அந்த இடுக்கைவிட்டு நழுவிவிடும். ஆகவே ஒளியுணரி தரும் சைகையை எண்களாக மாற்றி, உள்சுற்றை நாமே நிரலால் அமைத்துக்கொள்ளக்கூடிய எஃப்.பி.ஜி.ஏ. சில்லுக்குள் பிழையைக் கணக்கிட்டு, லேசருக்குச் செல்லும் மின்னோட்டத்தையும் மின்னழுத்தம் கொடுத்தால் நுண்ணளவு நீளும் பீசோ படிகத்துக்குச் செல்லும் மின்னழுத்தத்தையும் உடனுக்குடன் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். பிடி நழுவினால் கருவி தானே துழாவி அதே இடுக்கை மீண்டும் கண்டுபிடிக்கும்படி நிரல் எழுதலாம். எண்களாக மாற்றாமல் மின்னழுத்தத்தையே நேரடியாகக் கையாளும் பழைய ஆப்-ஆம்ப் (பெருக்கிச் சில்லு) சுற்றாக இருந்தால், பெரும்பாலும் ஆள் எழுந்து போய்க் குமிழைத் திருக வேண்டும்.

"லேசர் நிலைநிறுத்துநர் தேவை" என்ற விளம்பரத்தைப் பினாங்கின் பாயான் லெப்பாஸில் நீங்கள் பார்க்கப்போவதில்லை. ஆனால் 1972 முதல் மின்னணுத் தொழிற்சாலைகள் வளர்ந்துவரும் அந்த வட்டாரத்தில், சில்லு வடிவமைப்பு, சில்லுச் சோதனை, அளவைக் கருவி ஆகிய பிரிவுகளின் நேர்முகத் தேர்வில் கேட்கப்படுவது இதே எஃப்.பி.ஜி.ஏ., அளந்து உடனே திருத்தும் இதே பின்னூட்டக் கட்டுப்பாடு, இதே மின் இரைச்சல் கணக்குதான். ஆராய்ச்சியில் நாட்டம் வந்தால், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2007இல் தொடங்கப்பட்ட குவாண்டம் தொழில்நுட்ப மையம் ஒரு விமானப் பயணத் தொலைவில்தான் இருக்கிறது. அணுக்களை லேசரால் குளிர்வித்து ஆராய அங்கு நடக்கும் குளிர் அணுச் சோதனைகளுக்கு இந்த வேலைதான் அடிப்படை.

நிபந்தனை இதுதான். இலக்கமுறைக் கருவியில் எண்ணாக மாற்றவும் கணக்கிடவும் திரும்ப மின்னழுத்தமாக்கவும் ஆகும் சிறு தாமதம், எவ்வளவு விரைவான அலைவைத் திருத்தலாம் என்பதற்கு எல்லை கட்டிவிடுகிறது. ஒளியுணரியின் பெருக்கிச் சுற்று மோசமாக இருந்தால் எந்த நிரலாலும் அதைக் காப்பாற்ற முடியாது. எனவே உங்கள் மகள் அந்தச் சுற்றைத் தம் கையாலேயே பற்றவைத்து அளக்க வேண்டும். ஆயத்த மின்சுற்றுப் பலகையை வாங்கி, இணையத்தில் கிடைத்த நிரலை ஏற்றிவிட்டு வந்த மாணவர்கள், "தாமதத்தை எப்படி அளந்தீர்கள்?" என்ற முதல் கேள்வியிலேயே விழித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கண்ணுக்குக் கெடுதல் வருமா என்றும் கேட்டிருந்தீர்கள். கவனமில்லாவிட்டால் வரலாம். 780 நானோமீட்டர் ஒளி கண்ணுக்கு மங்கலான சிவப்பாகவே தெரிவதால், பலமில்லாத ஒளி என்று ஏமாந்துவிடுவார்கள். அந்த அலைநீளத்துக்குரிய பாதுகாப்புக் கண்ணாடி ஆய்வகத்தில் எத்தனை இருக்கிறது என்று, திட்டப் பதிவுப் படிவத்தில் கையெழுத்திடும் முன்பே மேற்பார்வையாளரிடம் கேட்கச் சொல்லுங்கள்.