உட்கார்ந்து பார்க்கும் வேலை

வணக்கம் அண்ணா,

கோவையில் பம்ப் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். எட்டு வருடம் ஆகிறது. இன்றைக்கும் பதவி அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட்தான். மூன்று வருடம் முன்பு சேர்ந்த ஒரு தம்பிக்கு டேலியிலிருந்து ஜிஎஸ்டி ரிட்டர்ன் வரை நான்தான் சொல்லிக் கொடுத்தேன். நல்ல பையன், அவன் மேல் வருத்தம் எதுவும் இல்லை. போன மாதம் வீட்டுக் கடனுக்காகத் தன் சம்பள ரசீதை ஸ்கேன் பண்ணித் தரச் சொன்னான். என்னைவிட 9,000 ரூபாய் அதிகம். பதவி, அக்கவுண்ட்ஸ் எக்ஸிக்யூட்டிவ். மேனேஜரிடம் கேட்டேன். "அவன் பேங்க், ஆடிட்டர் ஆபீஸ்னு வெளியில அலையறான், உங்களுது உட்கார்ந்து பார்க்கிற வேலைதானேம்மா" என்றார். எனக்குக் குழந்தை பிறந்த வருடம் இன்கிரிமென்ட் போடவில்லை. அதையும் கேட்டேன். "அந்த வருஷம் பாதி நாள் நீங்க வேலைக்கே வரலையே" என்று சிரித்தார். மார்ச் 8ஆம் தேதி பெண்களை மட்டும் கூப்பிட்டு மன அழுத்தத்தைக் குறைப்பது எப்படி என்று வகுப்பு எடுத்து, ஆளுக்கொரு ரோஜா கொடுத்தார்கள். "இருக்கிற வேலையைக் கெடுத்துக்காதே" என்கிறார் வீட்டுக்காரர். சம சம்பளத்துக்குச் சட்டம் இருக்கிறதாமே, அது எங்களை மாதிரி ஆட்களுக்கு உதவுமா? இதைக் கேட்பது பேராசையா? பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

பேராசை எல்லாம் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மிச்சத்தைப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை.

உங்கள் கடிதம் வந்து இரண்டு நாளாகிறது. 9,000 ரூபாயைவிட அந்த மேனேஜர் சொன்ன "உட்கார்ந்து பார்க்கிற வேலை"தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது, காரணம் அவரைப் போலவே நானும் ஒருமுறை பேசியிருக்கிறேன், பேசாமலே செய்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

2012இல் வீடு கட்டினேன். சனிக்கிழமை சாயங்காலம் மேஸ்திரி ஆட்களை வரிசையாக நிறுத்துவார், நான் நோட்டைப் பார்த்துக் கூலி கொடுப்பேன். கொத்தனார் கூலி தனி. கொத்தனாருக்குக் கீழே இரண்டு வகை ஆள்: பெரியாளுக்கு 400, சித்தாளுக்கு 300. ஆண் என்றால் பெரியாள், பெண் என்றால் சித்தாள், அவ்வளவுதான் கணக்கு. சிறு ஆள், சிற்றாள், சித்தாள். எங்கள் சித்தாளுக்கு ஐம்பது வயதிருக்கும், பேரன் பேத்தி எடுத்தவர். பெரியாளுக்கு இருபத்திரண்டு. அவன் கீழே நின்று கலவை போடுவான், அந்த அம்மா சும்மாடு கட்டிக் கலவைச் சட்டியைத் தலையில் ஏற்றிச் சாரத்தில் ஏறி மேலே கொண்டுபோய்க் கொடுப்பார், திரும்ப இறங்கி வருவார், திரும்ப ஏறுவார். செங்கலும் அப்படித்தான், மணல் சலிப்பதும் அவர்தான், சாயங்காலம் எல்லாரும் கைகால் கழுவும்போது சட்டி, மண்வெட்டி கழுவி வைப்பதும் அவர்தான். ஏன் நூறு ரூபாய் குறைவு என்று ஒருநாள் மேஸ்திரியைக் கேட்டேன். "கலவை போடறதுதான் சார் பாரம், இது சும்மா எடுத்துக் கொடுக்கிற வேலை" என்றார்.

நான் தலையாட்டினேன். தமிழ் படித்தவன், கதை எழுதுகிறவன், பெண்களைப் பற்றி மேடையில் பேசுகிறவன், 'சித்தாள்' என்ற சொல்லுக்குள்ளேயே கூலிக் குறைப்பு உட்கார்ந்திருப்பதை நோட்டில் என் கையாலேயே எழுதிக்கொண்டிருந்தும் பார்க்கவில்லை. அந்த அம்மா எங்கள் வீட்டில் நூறு நாளுக்கு மேல் வேலை செய்தார். பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டுதான் நான் பால் காய்ச்சினேன். இன்னொன்றையும் பிற்பாடுதான் யோசித்தேன். அந்தப் பையன் இரண்டு மூன்று வருடத்தில் கொத்துக் கரண்டியைப் பிடித்துக் கொத்தனார் ஆகிவிடுவான். அந்த அம்மா முப்பது வருடமாகச் சித்தாள்.

உங்கள் ஆபீசில் நடப்பதும் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரே பதவியை வைத்துக்கொண்டு பெண்ணுக்குக் குறைத்துக் கொடுத்தால் மாட்டிக்கொள்வார்கள். அதனால் வேலைக்கு இரண்டு பெயர் வைத்துவிடுவது. ஒன்று பாரமான வேலை, இன்னொன்று லேசான வேலை. எது லேசு என்று தீர்மானிப்பதற்கு யாரும் தராசு கொண்டு வருவதில்லை, யார் செய்கிறார்கள் என்று பார்க்கிறார்கள். வயலில் நாள் முழுக்கக் குனிந்து நடவு நடுவதும் களை எடுப்பதும் பெண்கள் வேலையாக இருக்கிற வரைக்கும் லேசான வேலை. நடவு இயந்திரம் வந்த இடத்தில் அதன்மேல் ஏறி உட்கார்ந்தது பெரும்பாலும் ஆண். அது உட்கார்ந்து பார்க்கிற வேலைதான், ஆனால் அதற்குக் கூலி குறையவில்லை.

சரி, சட்டம். 1975 சர்வதேசப் பெண்கள் ஆண்டு, அதை ஒட்டி அந்த செப்டம்பரில் ஓர் அவசரச் சட்டம் வந்து, 1976இல் சம ஊதியச் சட்டம் ஆனது. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு அதை உள்ளே எடுத்துக்கொண்டுவிட்டது. அடிப்படை விதி மாறவில்லை: ஒரே வேலைக்கு, அல்லது ஒரே மாதிரியான வேலைக்கு, ஆண் பெண் பார்த்துச் சம்பளத்தில் வித்தியாசம் காட்டக் கூடாது. 'ஒரே மாதிரியான' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். திறமை, உழைப்பு, அனுபவம், பொறுப்பு இந்த நான்கையும் வைத்துத்தான் அதைப் பார்க்க வேண்டும்.

இதில் உங்களுக்கு அக்கா முறை ஆகக்கூடிய ஒருவர் இருக்கிறார், ஆட்ரி டி கோஸ்டா. பம்பாயில் மெக்கினன் மெக்கன்சி என்ற கம்பெனியில் ஸ்டெனோகிராபர். அங்கே ஆண் ஸ்டெனோக்கள் ஒரு பிரிவு, பெண்கள் 'கான்ஃபிடென்ஷியல் லேடி ஸ்டெனோ' என்று இன்னொரு பிரிவு. மேலதிகாரிகளோடு இருந்து அவர்களுடைய ரகசியக் கடிதங்களை அடிக்கிறவர்கள், பெயரைக் கேட்டால் பெரிய பதவி மாதிரிதான் இருக்கிறது, சம்பளம் மட்டும் குறைவு. 1977 ஜூனில் வேலை போன பிறகுதான் அவர் பழைய பாக்கியைக் கேட்டு வழக்குக்குப் போனார். கம்பெனி சொன்ன பதிலைப் பாருங்கள்: இது வேறு வேலை, இந்த வேலையில் ஆணே கிடையாது, பிறகு எங்கே பாரபட்சம்? அதோடு, இந்தச் சம்பளத்துக்குத் தொழிற்சங்கமே கையெழுத்துப் போட்டிருக்கிறது, எங்கள் நிதி நிலைமையும் சரியில்லை. 1987 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் எதையும் ஏற்கவில்லை. பெண்களை மட்டும் ஒரு வேலையில் உட்கார வைத்துவிட்டு அது வேறு வேலை என்று சொன்னால் செல்லாது, செய்கிற வேலை மொத்தத்தில் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார், சில்லறை வித்தியாசத்தைத் தள்ளு என்றது. பாக்கித் தொகை 7,000 ரூபாய்ச் சொச்சம். பத்து வருடம்.

ஆக உங்கள் மேனேஜரின் பதில் 1987லேயே தோற்றுப்போன பதில். பேங்குக்கும் ஆடிட்டர் ஆபீசுக்கும் போய்வருவது சில்லறை வித்தியாசமா, பெரிய பொறுப்பா என்பதுதான் உங்கள் வழக்கே. (வெளியே போகும் வேலையை உங்களுக்கு ஒருநாளாவது கொடுத்தார்களா என்று கேட்டுப் பாருங்கள். "லேடீஸ் வெயில்ல அலைய வேண்டாமேன்னுதான்" என்பார்கள்.)

பெண்கள் செய்யும் நடவையும் ஆண்கள் செய்யும் உழவையும் மாதிரி வேறு வேறு வேலைகளை ஒப்பிட நம் சட்டத்தில் இடம் குறைவு, அது அதன் பெரிய ஓட்டை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1951ஆம் ஆண்டு உடன்படிக்கை 'சம மதிப்புள்ள வேலைக்கு' என்று சொல்கிறது, இந்தியா 1958இல் அதை ஏற்றது, ஆனால் நம் சட்டத்தில் 'மதிப்பு' என்ற சொல் வராமல் 'ஒரே மாதிரி' என்று சுருங்கிவிட்டது. மதிப்பு என்று வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரசபை இருக்கிறது. சமையல், துப்புரவு, முதியோர் பராமரிப்பு செய்த பெண்களும், குப்பை அள்ளிய, கல்லறைக் குழி தோண்டிய ஆண்களும் ஒரே படிநிலை என்று ஒப்புக்கொண்டுவிட்டு, ஆண்களுக்கு மட்டும் போனஸ் கொடுத்துவந்தார்கள். வேலையை விட்டுப் போனவர்களும் ஆறு ஆண்டுக்குள் சிவில் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று 2012இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னதும் வழக்குகள் குவிந்தன. 2023 செப்டம்பரில் நகரசபை, அத்தியாவசியச் செலவு தவிர வேறு செலவு செய்ய முடியாது என்று கை விரித்தது. சொதப்பிய ஒரு கணினித் திட்டமும் அதற்குக் காரணம், பழி முழுவதையும் பெண்கள் தலையில் போட முடியாது.

டி கோஸ்டா வழக்கில் குறைந்த சம்பளத்துக்குச் சங்கமே கையெழுத்துப் போட்டது என்றேன் அல்லவா, அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மூணாறு ஞாபகம் வரும். 2015 செப்டம்பரில் போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்ததும் தேயிலை கிள்ளும் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் வந்து உட்கார்ந்தார்கள், பெரும்பாலும் நம் தமிழ்ப் பெண்கள், நாள் கூலி 232 ரூபாய். ஆதரவு தெரிவிக்க வந்த சங்கத் தலைவர்களை, இத்தனை வருடம் எங்களுக்காக என்ன பேசினீர்கள் என்று கேட்டு விரட்டினார்கள். பொம்பிளை ஒருமை என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒன்பது நாளில் 20 சதவீதம் திரும்ப வந்தது, அந்த ஆண்டே கூலி 301 ஆனது. கேட்டது 500. நான் எதற்கு இதைச் சொல்கிறேன் என்றால், உங்கள் பிரிவில் இன்னும் எத்தனை பெண்கள் அசிஸ்டென்ட்டாகவே இருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நீங்கள் ஒருவர்தான் என்று எனக்குத் தோன்றவில்லை.

மன அழுத்த வகுப்புக்கு வருகிறேன். யோகாவோ மூச்சுப் பயிற்சியோ தப்பில்லை, யாருக்காவது உதவினால் நல்லதுதான். ஆனால் அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் அதை எப்படித் தாங்குவது என்று சொல்லித்தருகிற இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் துணிக்கடைப் பெண்கள் கழிப்பறை இல்லாததால் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள். காலையிலிருந்து இரவு வரை நின்றே வேலை, கால் நரம்பு புடைத்துக்கொள்ளும். விஜி என்ற தையல்காரர் அவர்களைத் திரட்டினார். கழிப்பறை கேட்டுத் தொடங்கியது உட்காரும் உரிமைக்கு வந்தது. 2018இல் கேரளம் சட்டம் போட்டது, 2021இல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்றது. தி. நகரில் ஒரு நடை போனால் எத்தனை கடையில் இருக்கிறது, இருக்கிற ஸ்டூலில் யாராவது உட்காருகிறார்களா என்று நீங்களே பார்க்கலாம். நின்று வேலை செய்யும் பெண்ணுக்கு நாற்காலி கிடையாது, உட்கார்ந்து வேலை செய்யும் பெண்ணுக்கு உட்கார்ந்திருக்கிறாள் என்று சம்பளம் குறைவு.

பேறுகால விடுப்பு வருடத்தைப் பற்றி. "வேலைக்கே வரலையே" என்று சிரித்தாரே, அது சிரிக்கிற விஷயம் இல்லை. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், 2017இல் விடுப்பை 26 வாரமாக உயர்த்திய அதே சட்டம், அந்த விடுப்பில் இருக்கும்போது வேலை நிபந்தனைகளைப் பெண்ணுக்குப் பாதகமாக மாற்றக் கூடாது என்றது. அதை உள்ளே எடுத்துக்கொண்ட 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. உங்கள் கம்பெனியில் இன்கிரிமென்ட் வருடந்தோறும் எல்லாருக்கும் வருவதா, ஆளைப் பார்த்துக் கொடுப்பதா என்பதைப் பொறுத்து வாதம் மாறும், அதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிக் கேளுங்கள். அன்று விட்ட ஒரு படி ஒவ்வொரு வருடமும் உங்களோடு கூடவே வருகிறது, அடுத்தடுத்த உயர்வெல்லாம் அந்தக் குறைந்த தொகையின் மேல்தான் போடப்படுகிறது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா இதை.

என்ன செய்யலாம்? "அவனுக்கு ஏன் அதிகம்" என்று மறுபடி போய்க் கேட்காதீர்கள், அது பொறாமை என்ற கணக்கில் எழுதப்பட்டுவிடும். ஒரு மாதம் நீங்கள் செய்கிற வேலையைத் தேதி போட்டு எழுதி வையுங்கள், ரிட்டர்ன் போட்டது யார், மாதக் கடைசியில் கணக்கு முடித்துக் கையெழுத்துக்கு அனுப்பியது யார், தப்பு வந்தால் திட்டு வாங்கியது யார், எல்லாம். பிறகு எக்ஸிக்யூட்டிவ் பதவிக்கு என்னென்ன வேலை என்று எழுத்தில் கேளுங்கள், மின்னஞ்சலில். அவர்கள் தருகிற பட்டியலில் முக்கால்வாசி உங்கள் நோட்டில் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்போது பேச்சு உங்கள் மேல் இல்லாமல் பதவியின் மேல் வந்துவிடும். அங்கேயும் நகரவில்லை என்றால் தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கிறது, ஆனால் அது மெதுவாக நகரும், டி கோஸ்டாவுக்குப் பத்து வருடம் ஆனதை மறைத்து உங்களைக் கிளப்பிவிட நான் விரும்பவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயமும் நியாயமான பயம்தான். அதை வைத்துக்கொண்டே முதல் இரண்டு காரியத்தைச் செய்யலாம்.

அந்தத் தம்பியிடமும் ஒரு வார்த்தை பேசுங்கள். உங்களைச் சமமாக்குவதற்காக அவன் சம்பளத்தைக் குறைக்கக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது, அதனால் அவனுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. வேலை சொல்லிக் கொடுத்த அக்காவுக்காக ஒரு மின்னஞ்சலில் உண்மையைச் சொல்வானா என்று பாருங்கள்.

வீட்டுக்காரரிடம் சட்டம், நியாயம் எல்லாம் பேச வேண்டாம். மாதம் 9,000, வருடத்துக்கு 1,08,000 என்று ஒரு தாளில் எழுதி முன்னால் வையுங்கள். ரோஜாவுக்கு வேண்டுமானால் இருபது ரூபாய் கழித்துக்கொள்ளுங்கள்.