எலும்பு எளிதில் முறியும் நோய்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா, சுருக்கமாக ஓஐ, ஏறக்குறைய 15,000 முதல் 20,000 பிறப்புகளில் ஒன்றில் வரும் நோய். எலும்புக்கு உறுதி தரும் கொலாஜன் புரதம் சரியாக உருவாகாததால் லேசாக இடித்தாலே எலும்பு முறியும். சிங்கப்பூரில் குழந்தைகளுக்கான இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) என்ற முறையில் என்னிடம் வந்த கேள்விகளில் சில இங்கே.

பாலும் கேழ்வரகும் கொடுத்தால் சரியாகிவிடும் என்கிறார் மாமியார். உண்மையா? (ஈசூன்)

சரியாகாது. கால்சியமும் வைட்டமின் டியும் அவசியம்தான், ஆனால் மரபணுவில் உள்ள கோளாறை உணவு திருத்தாது. கேழ்வரகுக் கூழ் தாராளமாகக் கொடுங்கள். மாசமாக இருந்தபோது நீங்கள் ஒழுங்காகச் சாப்பிடாததால் வந்தது என்று யார் சொன்னாலும் மனதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

மூன்று மாதக் குழந்தை. தூக்கவே கை நடுங்குகிறது. (உட்லண்ட்ஸ்)

கணுக்காலைப் பிடித்துத் தூக்கி டயப்பர் மாற்றுவதை இன்றே நிறுத்துங்கள். உள்ளங்கையை விரித்து இடுப்புக்கு அடியில் நுழைத்து, லேசாக உயர்த்தி மாற்றுங்கள். தூக்கும்போது ஒரு கை தலைக்கும் தோளுக்கும் கீழே, மறு கை இடுப்புக்குக் கீழே. அக்குளில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது. சட்டை போடும்போது பிள்ளையின் கையை இழுக்காதீர்கள். உங்கள் விரல்களைச் சட்டைக் கையின் வெளிமுனை வழியாக உள்ளே விட்டு, பிஞ்சுக் கையைத் தாங்கிக்கொண்டு துணியை மேலே நகர்த்துங்கள். பாட்டிக்கும் பணிப்பெண்ணுக்கும் இதைச் செய்து காட்டுங்கள். பயந்துபோய்த் தொட்டிலிலேயே கிடத்திவிடாதீர்கள், அவனுக்கு உங்கள் மடி வேண்டும்.

அப்புறம், நோயைக் குறிப்பிடும் மருத்துவர் கடிதம் எப்போதும் பையில் இருக்கட்டும். காரணம் தெரியாத முறிவைக் கண்டால் யாராவது பிள்ளையை அடித்தார்களா என்று விசாரிப்பது அவசரப் பிரிவினரின் கடமை. கடிதம் இருந்தால் அந்த வேதனை குறையும்.

ஐந்து வயது மகளுக்குத் தொடை எலும்பு மறுபடி முறிந்துவிட்டது. வேலையை விட்டுவிடலாமா? (ஜூரோங் வெஸ்ட்)

அவசரப்படாதீர்கள். நான் பார்த்தவரை, ஆஸ்பத்திரிச் செலவைவிட அம்மாவின் சம்பளம் நின்றுபோவதுதான் குடும்பத்தை அதிகம் தள்ளாட வைக்கிறது. தொடை முறிந்தால் மாவுக்கட்டு வாரக்கணக்கில் இருக்கும். 7 வயதுக்குட்பட்ட சிங்கப்பூர்ப் பிள்ளைக்காகக் கிடைக்கும் பராமரிப்பு விடுப்போ ஆண்டுக்கு 6 நாள். உங்கள் கணவருக்கும் அதே 6 நாள் உண்டு, அவரும் எடுக்கட்டும். 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள வழிகாட்டிக் குறிப்புகளின்படி, நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு (வேலை நேரத்தை மாற்றுவது, வீட்டிலிருந்து வேலை செய்வது போன்றவை) கேட்டு முறையாக எழுதிக் கொடுத்தால் 2 மாதத்துக்குள் முதலாளியிடமிருந்து எழுத்தில் பதில் வர வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும்.

பிறவி நோய் என்பதற்காக, நாட்டின் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் குடிமக்களையோ நிரந்தரவாசிகளையோ ஒதுக்குவதில்லை. சக்கர நாற்காலிக்கு, உடற்குறையுள்ளோருக்கு உதவும் எஸ்ஜி எனேபல் அமைப்பின் மூலம், குடும்ப வருமானத்தைப் பொறுத்து, 90 விழுக்காடு வரை மானியம் கிடைக்கலாம். கடன் ஏறும்வரை காத்திருக்காமல் மருத்துவச் சமூக ஊழியரை இப்போதே பாருங்கள்.

உடற்கல்வி வகுப்பில் மகனை ஓரமாக உட்கார வைத்துவிடுகிறார்கள். (செங்காங்)

நல்லெண்ணம்தான், ஆனால் கெடுதல். அசையாமல் இருந்தால் தசை மெலியும், எலும்பு இன்னும் நலியும், அடுத்த முறிவு சுலபமாக வரும். மோதும் விளையாட்டுகள் வேண்டாம். நீச்சல் அருமையானது. பள்ளியிடம் எழுத்திலேயே கேளுங்கள்: ஓய்வுநேர மணிக்குச் சற்று முன்பே கிளம்ப அனுமதி, மின்தூக்கி, புத்தகங்களைச் சுமக்காமலிருக்க இன்னொரு பிரதி, விழுந்தால் யாரை அழைப்பது.

எனக்கு லேசான ஓஐ. வரன் பார்க்கிறார்கள். சொல்ல வேண்டுமா? (தெம்பனிஸ்)

சொல்லுங்கள், நிச்சயத்துக்கு முன்பே, நீங்களே. லேசான வகையில் பொதுவாக ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 விழுக்காடு வாய்ப்பு, ஆணோ பெண்ணோ ஒன்றுதான். உங்கள் பெற்றோருக்கு இல்லாமல் உங்களிடம் புதிதாகத் தோன்றியிருந்தாலும் இதே கணக்கு. ஒரே குடும்பத்திலும் கடுமை ஆளுக்கு ஆள் மாறும். மரபணு ஆலோசனைக்கு இருவரும் சேர்ந்தே போங்கள்.

வயது 34. பல வருடமாக முறிவே இல்லை. இப்போது போனில் பேச்சு சரியாகக் கேட்பதில்லை. (பிடோக்)

ஓஐ காதையும் பாதிக்கும். 20, 30 வயதுகளில் கேட்கும் திறன் குறையத் தொடங்குவது அதிகம். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) பரிந்துரைக் கடிதம் வாங்கிக் காது மருத்துவரைப் பாருங்கள், ஓஐ இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வேலையிடத்தில் மறைத்துச் சமாளித்தால் கவனமில்லாதவர் என்ற பெயர்தான் மிஞ்சும். செவித்துணைக் கருவிக்கும் மேலே சொன்ன மானியம் பொருந்தும், விசாரியுங்கள்.