தள்ளாடும் குட்டிக்கு ஒரு வீடு

கேள்வி: தெருவிலிருந்து மீட்ட பூனைக்குட்டி ஒன்றை மூன்று மாதங்களாக வளர்க்கிறேன். தள்ளாடியே நடக்கும் அதற்குச் சிறுமூளை வளர்ச்சிக் குறைபாடு என்கிறார் கால்நடை மருத்துவர். என்னால் தொடர்ந்து வைத்துக்கொள்ள இயலாத நிலை. குறையைச் சொன்னால் யாராவது ஏற்றுக்கொள்வார்களா?

பதில்: மறைக்காமல் சொல்லுங்கள், மறைத்துக் கொடுத்த குட்டி சில நாள்களிலேயே மீண்டும் தெருவுக்கு வந்துவிடக்கூடும். தாய்ப்பூனை சினையாக இருக்கையில் பூனைகளுக்கு வரும் பான்லுகோபீனியா நோயின் வைரஸ் தாக்கினால், உடலின் அசைவையும் சமநிலையையும் சீராக்கும் சிறுமூளை கருவிலுள்ள குட்டிக்கு முழுமையாக வளராமல் போவதுண்டு. இந்தக் குறைபாடு வலி தருவதில்லை, பிற பூனைகளுக்குத் தொற்றுவதில்லை, வயது ஏறஏற முற்றுவதுமில்லை என்பதை முதலிலேயே விளக்கினால், வருபவரின் தயக்கம் பெரிதும் குறையும்.

புகைப்படத்தைவிடக் காணொளியே உதவும். கிண்ணத்தை நோக்கிக் குனியும்போது தலை மேலும் ஆடுவதையும், கால்களை அகல ஊன்றிச் சமாளித்து அது உண்டு முடிப்பதையும், உறங்கும்போது நடுக்கம் அடங்கிவிடுவதையும் அவர்கள் கண்ணால் காணட்டும். என்னைக் கேட்டால், இரக்கத்தால் உடனே தலையசைப்பவரைவிட, நிறையக் கேள்வி கேட்பவரே பொருத்தமானவர்.

வழுக்காத விரிப்பு, கவிழாத கனமான கிண்ணம், சாய்ந்துகொள்ள உயரமான பக்கங்களும் நுழையத் தாழ்வான வாயிலும் உள்ள மணல்தொட்டி ஆகியவை தேவைப்படும். மாடிப்படியை அடைத்துவைப்பதும், வெளியே விடாமல் வளர்ப்பதும் கட்டாயம். தடுப்பூசியை நீங்களே முடித்துக்கொடுங்கள். கருத்தடையைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். ஏற்க வருபவர் இரண்டு வாரம் வைத்துப் பார்க்கட்டும். இயலாவிட்டால் உங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.