அமெரிக்காவில் துப்பாக்கி வாங்குவோரின் நிதி அந்தரங்கச் சட்டம் என்றால் என்ன?

கார்டு ஏற்கும் ஒவ்வொரு கடைக்கும் அதன் வியாபார வகையைக் காட்டும் நான்கிலக்கக் குறியீடு உண்டு. 2022 செப்டம்பரில் துப்பாக்கிக் கடைகளுக்கெனத் தனிக் குறியீடு (5723) ஏற்கப்படும் வரை, அவை பெரும்பாலும் விளையாட்டுப் பொருள் கடைகளோடு சேர்த்தே எண்ணப்பட்டன. சந்தேகத்துக்குரிய கொள்முதலை வங்கிகள் கவனிக்க இது உதவும் என்கிறார்கள் ஆதரிப்போர். சட்டப்படி வாங்குவோரின் பட்டியலாக இது மாறிவிடும் என்ற அச்சத்தில் ஃப்ளோரிடா மாநிலம் 2023இல் இதற்குத் தடைச் சட்டம் இயற்றியது. துப்பாக்கி வாங்குவோரின் நிதி அந்தரங்கச் சட்டம் என்பது இவ்வகைத் தடைச் சட்டமே. அதே ஆண்டு கலிபோர்னியா இதைக் கட்டாயமாக்கியது. இரு தரப்புக் கவலையும் மதிக்கத்தக்கதே. நகைக்கடைப் பையோடு நடப்பவர் எந்தக் கடைக்குப் போனார் என்று தெரியும். உள்ளே வளையலா, கொலுசா என்பது தெரியாது. இந்தக் குறியீடும் அப்படித்தான். வாங்கிய துப்பாக்கியின் விவரமே வங்கிக்குப் போய்விடும் என்று பலர் எண்ணுவது தவறு: அங்கே தோட்டா வாங்கினாலும் கூடாரம் வாங்கினாலும் குறியீடு ஒன்றுதான்.