ஜால்ரா கேள்விகள்: அடக்கி வாசியுங்கள்

மார்கழி வருகிறது, பஜனை கோஷ்டிகளில் புதுக் கைகள் சேர்ந்திருக்கின்றன போல. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஜால்ராதான்.

பித்தளை ஜால்ரா வாங்கலாமா? (கும்பகோணம்)
வேண்டாம், வெண்கலம் வாங்குங்கள். செம்பு முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேல், மீதி வெள்ளீயம். அந்தக் கலவையில்தான் நாதம் நிற்கும். கடையிலேயே தட்டிப் பார்த்து வாங்குங்கள், படத்தைப் பார்த்து அல்ல.

எனக்கு 'டப்' என்றுதான் கேட்கிறது. (திருத்துறைப்பூண்டி)
முகத்தோடு முகம் அறைகிறீர்கள். நடுவில் காற்று அடைபட்டு ஓசை செத்துவிடும். இடது தட்டு மல்லாந்து அசையாமல் இருக்கட்டும். வலது தட்டைச் சற்றே சாய்த்து விளிம்பில் பட்டதும் எடுத்துவிடுங்கள். பிடி கயிற்றில் மட்டும், விரல் தட்டில் படக்கூடாது.

அந்தப் பாட்டுக்கு என்ன தாளம்? (திருவாரூர்)
எந்தப் பாட்டுக்கு? இரண்டு பக்கக் கடிதத்தில் அதைத் தவிர எல்லாம் இருக்கிறது. பல்லவியையாவது எழுதி அனுப்புங்கள்.

நாமாவளியில் என் வேகம் ஏறிக்கொண்டே போகிறது, பாகவதர் முறைக்கிறார். (மன்னார்குடி)
முறைக்காமல் என்ன செய்வார்? காலப்பிரமாணம், அதாவது பாட்டின் வேகம், அவர் கையில் இருக்கிறது, அடுத்து மிருதங்கத்தின் கையில், அதற்கும் அப்புறம்தான் ஜால்ரா. கோவிந்தபுரம், திருவிசநல்லூர், மருதாநல்லூர் என்று கும்பகோணத்தைச் சுற்றியே வளர்ந்த சம்பிரதாயம் இது. தோடய மங்களத்தில் தொடங்கி அஷ்டபதி, திவ்யநாமம் என்று படிப்படியாகச் சூடு ஏறவேண்டிய பத்ததியில் (பாடும் வரிசைமுறையில்), முதல் கீர்த்தனையிலேயே ஜால்ராக்காரர் குதிரை ஓட்டினால் பாடுகிறவர் சரணத்தில் மூச்சு வாங்க இடமில்லாமல் சொற்களை விழுங்குகிறார். இதில் மைக் வேறு! இரண்டு அங்குலத் தட்டு ஒன்றை மைக் பக்கத்தில் வைத்தால் போதும், பந்தல் முழுக்க அது மட்டும்தான் கேட்கும், நாமம் கேட்காது. நாமம் கேட்காத பஜனை எதற்கு? மைக்கை விட்டுத் தள்ளி உட்காருங்கள். வீட்டில் போனில் சீராகத் தட்டிக் காலம் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-ல் வைத்து, வாயால் தகதிமி சொல்லிக்கொண்டே ஆதி தாளத்தை கால் மணி நேரம் ஒரே காலத்தில் போடுங்கள். அது அலுக்காமல் வந்த பிறகு நாமாவளிக்கு வாருங்கள். அடக்கி வாசியுங்கள்.

தேவாரத்துக்கு ஜால்ரா போடலாமா? (சீர்காழி)
சீர்காழியில் இருந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது! கூப்பிடு தூரத்தில் திருக்கோலக்கா. கை நோகத் தாளமிட்டுப் பாடிய சம்பந்தருக்கு இறைவன் பொற்றாளம் தந்த தலம்; அதற்கு ஓசை கொடுத்த நாயகி அங்கேதான் இருக்கிறாள். சுந்தரரும் அதைப் பாடியிருக்கிறார். தாராளமாகப் போடுங்கள். ஆனால் ஓதுவார் தாளக்கட்டு இல்லாமல் விருத்தமாகவோ சுத்தாங்கமாகவோ பாடும்போது ஜால்ராவை மடியில் வைத்துவிட வேண்டும்.

மிஸ்ர சாபு பிடிபடவில்லை. (மயிலாடுதுறை)
தகிட தகதிமி, மூன்றும் நான்குமாக ஏழு எண்ணிக்கை. ஒன்று, நான்கு, ஆறில் தட்டுங்கள். ஏழு எண்ணிக்கைக்கும் ஏழு தட்டு வேண்டாம், இங்கேயும் அடக்கித்தான் வாசிக்க வேண்டும்.

கீழே விழுந்து விரிசல், பற்றவைக்கலாமா? (நாகப்பட்டினம்)
ஓசை திரும்பாது. பழைய வெண்கலத்தை எடைக்குப் போட்டுவிட்டுப் புது ஜோடி வாங்குங்கள். கயிறு இற்றுப்போய்த்தானே விழுந்தது? இனி வருஷா வருஷம் மார்கழிக்கு முன்னால் கயிற்றை மாற்றிவிடுங்கள்.